சாரதியின் மனமறியும் மோட்டார் வண்டி

மோட்டார் வண்டியொன்று தெருவிற் செவ்வனே செல்வது அதன் எந்திரத்தையும் சக்கரங்களையும் பொறுத்தது என்பதை யாவரும் அறிவர். அவ்வுறுப்புக்களை இயக்கும் கையும் காலும் ஓர் உள்ளத்தின் ஏவலர் என்பதை மட்டும் நாம் அடிக்கடி மறந்துவிடுகின்றோம். வீட்டிலே பூசலிட்டுப் புறப்பட்டவரும், நற்செய்தி கேட்டு மகிழ்ந்தவரும், இரவு முழுதும் கண்விழித்தவரும் ஒரே வண்டியை ஒரே தெருவில் ஒரே வகையாகச் செலுத்துவதில்லை. எந்திரத்தின் சூட்டையும் எண்ணெயின் மட்டத்தையும் காட்டுதற்குக் கருவிப் பலகையில் முள்ளும் விளக்கும் உண்டு. சாரதியின் சூட்டைக் காட்டுதற்கு அண்மைக்காலம் வரை யாதொன்றும் இருந்ததில்லை. அக்குறையை நிரப்பப் புகுந்துள்ள கருவிகள் எவ்வாறு தொழிற்படுகின்றன, அவை எவ்வளவு தூரம் நம்பத்தக்கன என்பவற்றை இங்கே எடுத்துரைக்க முயல்கின்றோம்.

இது வெறும் விளையாட்டு விஞ்ஞானம் அன்று. உலக சுகாதார நிறுவனம் 2023 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகெங்கும் ஆண்டொன்றில் தெரு விபத்துக்களால் மாள்வோர் ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர். அமெரிக்காவில் வேர்ஜீனியா தொழினுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர், 3,500 க்கு மேற்பட்ட சாரதிகளின் சொந்த வண்டிகளிலே கமராக்களைப் பொருத்தி, அவர்கள் நாடோறும் வண்டியோட்டும் விதத்தைப் பதிவுசெய்தனர். அப்பதிவுகளில் அகப்பட்ட 905 விபத்துக்களை ஆராய்ந்து அவர்கள் 2016 இல் வெளியிட்ட முடிவு சிந்திக்கத்தக்கது. கோபம், துயரம், அழுகை, மனக்கலக்கம் ஆகியன முகத்தில் வெளிப்படையாகத் தோன்றிய வேளைகளில், அமைதியும் கவனமுமுள்ள நிலையோடு ஒப்பிட, விபத்து நேர்தற்கான வாய்ப்பு 9.8 மடங்காயிற்று. கைத்தொலைபேசியைப் பிடித்தவண்ணம் வண்டியோட்டுதலைச் சட்டம் தண்டிக்கின்றது. அதே ஆய்வில் அதன் அளவு 3.6 மடங்கே. கோபத்தோடு வண்டியோட்டுபவரைப் பிடித்துத் தண்டப்பணம் அறவிடும் பொலிசார் எந்நாட்டிலும் இல்லர்.

உள்ளத்தின் நிலையைப் பொறியொன்று அறிதல் கூடுமா? கூடும் என்னும் துணிபோடு இத்துறையைத் தொடக்கிவைத்தவர்களுள் முதன்மையானவர் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த றொசலிண்ட் பிக்கார்ட் அம்மையார். மனிதரின் மனவெழுச்சிகளை உணர்ந்து அவற்றுக்கேற்ப ஒழுகும் கணனிகளைப் பற்றி 1997 இல் அவர் எழுதிய நூலே இத்துறைக்குப் பெயரிட்டது எனலாம். அவரும் அவர்தம் மாணவியாகிய ஜெனிபர் ஹீலியும் பொஸ்ரன் நகரத் தெருக்களிற் செய்த பரிசோதனை 2005 இல் வெளியாயிற்று. சாரதிகளின் உடலிலே இதயத் துடிப்பு, தோளின் தசையிறுக்கம், சுவாசம், தோலின் மின்கடத்துந் திறன் ஆகியவற்றை அளக்கும் கருவிகள் பொருத்தப்பட்டன. ஒவ்வோர் ஓட்டமும் 50 நிமிடத்துக்குக் குறையாதது. ஓய்வாக இருத்தல், நெடுஞ்சாலையிற் செல்லுதல், நெருக்கடியான நகரத் தெருவிற் செல்லுதல் என மூன்று நிலைகள். 24 ஓட்டங்களின் பதிவுகளை ஐந்தைந்து நிமிடப் பகுதிகளாக்கிக் கணித்தபோது, சாரதி இம்மூன்று நிலைகளுள் எந்நிலையிலே இருந்தார் என்பதை 97 சதவீதத்துக்கு மேற்பட்ட செம்மையோடு கூறமுடிந்தது. தோலின் மின்கடத்துந் திறனும் இதயத் துடிப்புமே மிகத் தெளிவாகச் சான்று பகர்ந்தன.

தோல் எங்ஙனம் சான்று பகரும் என மாணவர் வினவலாம். மனம் கிளர்ச்சியுறும்போது எம் விருப்பத்துக்கு உட்படாத பரிவு நரம்புத்தொகுதி தூண்டப்படுகின்றது. அத்தூண்டலால் உள்ளங்கையிலும் விரல்களிலும் உள்ள வியர்வைச் சுரப்பிகள் கண்ணுக்குத் தோன்றாத அளவிற் கசிகின்றன. வியர்வை உப்புநீராதலின் மின்னை எளிதிற் கடத்தும். இரண்டு விரல்களுக்கிடையே மிகச் சிறிய மின்னோட்டமொன்றைச் செலுத்தி அளந்தால், அக்கசிவு ஏறுவதும் இறங்குவதும் எண்ணாக வெளிப்படும். பரீட்சை மண்டபத்தில் வினாத்தாளைப் புரட்டும் கை ஈரமாவதும் இதே காரணத்தாலேயாம்.

ஆயினும் இங்கே ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். இவ்வளவைகள் கூறுவது கிளர்ச்சியின் அளவை; அதன் வகையை அல்ல. கடுஞ்சினங் கொண்டவரின் நாடியும், தம் அணி கடைசிப் பந்தில் வென்ற செய்தியை வானொலியிற் கேட்டவரின் நாடியும் ஒரேமாதிரித் துடிக்கும். சினமா உவகையா என்று பிரித்தறிய வேறொரு சாளரம் வேண்டியதாயிற்று. அச்சாளரமாகக் கொள்ளப்பட்டது முகம்.

அமெரிக்க உளவியலாளரான போல் எக்மன், உவகை, துயர், சினம், அச்சம், வியப்பு, அருவருப்பு ஆகிய ஆறும் மாந்தர் யாவரிடத்தும் ஒரே முகக்குறிகளால் வெளிப்படுகின்றன என்று வாதித்தவர். அவரும் வொலஸ் பிறீசனும் 1978 இல் முகத்தசைகளின் அசைவுகளை ஒவ்வொன்றாக எண்ணிட்டு வகுத்தனர். புருவத்தின் உள்மூலை உயர்தல் ஓரெண், இதழ்க்கடை மேலிழுபடுதல் மற்றோரெண் என்றவாறு அமைந்த அவ்வகுப்பு, பிற்காலத்திற் கணனிக்கு மிகவும் வாய்ப்பாயிற்று. கமரா முகத்தைப் படம்பிடிக்கும். கணனி அசைவுகளை எண்ணும். எண்களின் சேர்க்கையைக் கொண்டு இது சினம், இது உவகை என்று பெயரிடும்.

தமிழ் படித்தோர்க்கு இம்முயற்சி புதிதாய்த் தோன்றாது. உள்ளத்து நிகழ்வது உடம்பின்வழிப் புலப்படுதலை மெய்ப்பாடு எனப் பெயரிட்டு, அதற்கெனத் தனியே ஓர் இயலை வகுத்தது தொல்காப்பியம். அங்கே எண்ணப்பட்டவை எட்டு. எக்மன் கூறிய ஆறினுக்கும் ஏறத்தாழ இணையானவை அவ்வெட்டினுள்ளே காணப்படுகின்றன. நகையும் பெருமிதமும் மிகையாக நிற்கின்றன. மிகையாக நின்ற இந்த நகையே இன்று விஞ்ஞானிகளுக்குப் பெருந்தொல்லை கொடுப்பது என்பதைப் பின்னர்க் காண்போம்.

மோட்டார் வண்டி செய்வோர் இவ்வெண்ணத்தை விரைந்து பற்றிக்கொண்டனர். 2001 ஆம் ஆண்டில் ரோக்கியோ மோட்டார்க் கண்காட்சியில் ரொயோட்டா நிறுவனமும் சோனி நிறுவனமும் சேர்ந்து 'பொட்' என்னும் சிறு வண்டியைக் காட்சிக்கு வைத்தன. அது சாரதியின் நாடியையும் வியர்வையையும் அளந்ததோடு நில்லாது, தன் முகப்பு விளக்குகளின் நிறத்தை மாற்றிச் சினமும் மகிழ்வும் காட்டியது. நாய் வாலாட்டுவதுபோலத் தன் வானொலிக் கம்பியையும் ஆட்டியது! 2017 இல் ஹொண்டாவும் ரொயோட்டாவும், 2019 இற் கியாவும் மனமறியும் வண்டிகளைக் கண்காட்சிகளிலே காட்டின. கியாவின் ஏற்பாடு சாரதியின் முகத்தையும் இதயத் துடிப்பையும் தோலின் மின்னிலையையும் ஒருங்கே நோக்கி, வண்டியினுள்ளே விளக்கொளியையும் இசையையும் நறுமணத்தையும் மாற்றுவதாகச் சொல்லப்பட்டது. கண்காட்சியில் வைக்கும் வண்டி கல்யாண வீட்டு வாழைமரம் போன்றது. குலையைப் பார்த்துத் தோட்டத்தை மதிப்பிடலாகாது. கடைக்கு வந்து விற்பனையாகி உயிர்காத்த கருவி யாது என்று பார்த்தால், அது மனவெழுச்சியை அறிவதன்று, உறக்கத்தை அறிவதே.

உறக்கத்தைப் பற்றிய அறிவு ஐயத்துக்கிடமின்றி வளர்ந்துள்ளது. 1990 களில் அமெரிக்க ஆய்வாளர் ஓர் எளிய அளவையைக் கண்டனர். கண்மணியின் நூற்றில் எண்பது பங்குக்கு மேலாக இமை மூடியிருக்கும் நேரம், குறித்த ஒரு காலத்துள் எவ்வளவு என்று கணிப்பதே அது. இமைத்தல் எல்லோர்க்கும் இயல்பு. மெல்ல மூடி மெல்லத் திறத்தல் உறக்கத்தின் அறிகுறி. 2006 இல் ரொயோட்டாவின் லெக்சஸ் வண்டியில், சுக்கான் வளையத்துக்குப் பின்னே சிறு கமராவொன்று சாரதியின் முகத்தை நோக்கி வைக்கப்பட்டது. இரவிலும் முகம் தோன்றும் பொருட்டுக் கண்ணுக்குப் புலப்படாத செந்நிறக்கீழ்க் கதிர்களை அது பாய்ச்சியது. 2009 இல் மேர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தார் கமராவே இன்றி, சுக்கான் வளையம் திருப்பப்படும் விதத்தை முதன்மையாகக் கொண்டு களைப்பை உணரும் ஏற்பாட்டை விற்பனைக்குக் கொணர்ந்தனர். விழிப்புள்ள சாரதி சுக்கானை ஓயாது சிறிது சிறிதாகத் திருத்திக்கொண்டிருப்பார். உறக்கம் தலைக்கேறியவர் சிறிது நேரம் வாளாவிருந்து, பின் திடீரென்று வெட்டித் திருப்புவார். அவ்வேறுபாட்டைக் கண்டதும் கருவிப் பலகையிலே ஒரு கோப்பிக் கோப்பையின் படம் தோன்றும். இதனினும் மரியாதையான எச்சரிக்கையை நாம் அறியோம்.

சினத்தையோ துயரையோ அறிந்துகொண்ட பின்னர் வண்டி யாது செய்தல் வேண்டும்? களைத்தவரை ஓய்வெடுக்கச் சொல்லலாம். சினந்தவரைச் சினவாதே என்றால் சினம் தணியுமா? இவ்வினாவுக்கு விடைகாண முயன்றவர் ஸ்ரான்போட் பல்கலைக்கழகப் பேராசிரியராயிருந்து 2013 இற் காலமான கிளிபோட் நாஸ். அவரும் அவரோடொத்த ஆய்வாளரும் 2005 இல் வெளியிட்ட பரிசோதனை இத்துறையிலே எமக்கு மிகவும் பிடித்தமானது. நாற்பது பேரை அழைத்து, அவர்களுட் பாதிப்பேருக்கு மகிழ்வூட்டும் படக்காட்சிகளையும், பாதிப்பேருக்கு மனம் வருந்தும் காட்சிகளையும் முதலிற் காட்டினர். பின்னர் யாவரையும், தெருவைத் திரையிலே தோற்றுவிக்கும் போலி வண்டியொன்றில் ஓட்டச் செய்தனர். வண்டியினுள்ளே உடன்செல்லும் துணைபோல ஒரு குரல் பேசிக்கொண்டு வந்தது. சிலருக்குத் துடிப்பும் உற்சாகமும் மிக்க குரல். சிலருக்குத் தணிந்து அடங்கிய குரல். சொற்கள் ஒன்றே, தொனி மட்டும் வேறு.

மனம் வருந்தியிருப்பவரை உற்சாகமான குரல் தேற்றும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். நிகழ்ந்தது அதற்கு மாறானது. வருந்தியவர் தணிந்த குரலைக் கேட்டபோதும், மகிழ்ந்தவர் உற்சாகக் குரலைக் கேட்டபோதுமே விபத்துக்கள் குறைந்தன. தெருவிற் கவனம் கூடியது. அவர்கள் அக்குரலோடு உரையாடியதும் மிகுதி. துயருற்றவரின் காதிலே உற்சாகத்தை வலிந்து புகுத்தியபோது, அதைத் தாங்குவதற்கும் தள்ளுவதற்கும் அவரது கவனம் செலவாகியது போலும். செத்த வீட்டுக்குச் செல்லும் எம்மூர்க் கிழவியர் எவரும் வாசலிலே நின்று சிரித்துப் பேசுவதில்லை. முதலில் உடனிருந்து அழுவர். ஆறுதல் பின்னரே வரும். அவர்கள் இப்பேராசிரியரிடம் படித்தவர்கள் அல்லர். தொனியை மாற்றுதல் மிகச் சிறிய செயல், செலவும் அற்பம். எனினும் அதன் பயன் நிலைபெற வேண்டுமாயின், வண்டி சாரதியின் மனநிலையைப் பிழையின்றி அறிந்திருத்தல் வேண்டும். பிழையாக அறியும் வண்டி, ஒன்றும் அறியாத வண்டியினும் கேடு விளைப்பது.

அந்த இடத்திலேதான் நகையின் தொல்லை எழுகின்றது. மசச்சூசெற்ஸ் நிறுவனத்தார் 2012 இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டனர். மனம் வெறுத்து எரிச்சலுற்றதுபோல் நடிக்குமாறு கேட்டபோது, நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சிரிக்கவில்லை. அடுத்து நீண்ட விண்ணப்பமொன்றைக் கணனியில் நிரப்பச் செய்து, முடித்து அனுப்பியவுடன் எழுதியவை யாவும் அழிந்துபோமாறு செய்தனர். உண்மையான எரிச்சல் எழுந்த அவ்வேளையில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சிரித்தனர்! 2016 இல் அந்நிறுவனத்தோடு தொடர்புடைய ஆய்வாளர் இதனை வண்டியினுள்ளும் கண்டனர். செல்லுமிடத்தைக் குரலால் வண்டிக்குச் சொல்ல முயன்ற இருபது சாரதிகளை அவர்கள் படம்பிடித்தனர். சொன்னதை வண்டி திரும்பத் திரும்பத் தவறாக விளங்கிக்கொண்டதனால் எரிச்சலடைந்ததாகத் தாமே கூறியவர், படத்திலே புன்முறுவலோடு காணப்பட்டார். மனநிறைவுற்றவரின் முகம் சலனமின்றி இருந்தது. புன்முறுவல் என்றால் உவகை என்று எண்ணிட்ட பொறி இவ்விருவரையும் நேர்மாறாகவே பெயரிட்டிருக்கும். நகை தோன்றுதற்குரிய நிலைக்களன் நான்கனுள் எள்ளலையும் ஒன்றாகத் தொல்காப்பியர் வைத்தமை இங்கு நினைக்கத்தக்கது.

2019 இல் லீசா பெல்ட்மன் பரற் என்னும் உளவியலாளரும் வேறு நால்வரும், ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டி நோக்கி எழுதிய நெடுங்கட்டுரை இவ்வையத்தை உறுதிப்படுத்திற்று. சினமுற்ற மாந்தர் முகஞ்சுளிப்பது ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது தடவையே. மற்றைய வேளைகளில் வேறுவகையாகத் தோன்றுவர். கூர்ந்து சிந்திப்பவரும், வெயில் கண்ணிற் பட்டவரும் முகஞ்சுளிப்பர். அவர் சினந்தவர் அல்லர். மைக்ரோசொவ்ற் நிறுவனமும் முகத்தைக் கொண்டு மனவெழுச்சியை ஊகித்துக் கூறும் தன் சேவையைக் கைவிடுவதாக 2022 யூன் மாதத்தில் அறிவித்தது.

நிறத்தாலும் வெயிலாலும் நேரும் பிழைகள் வேறு. 2018 இல் ஜோய் புவோலம்வினி அம்மையாரும் ரிம்னிற் கெப்ரூ அம்மையாரும் முகத்தை ஆராயும் மூன்று கணனிச் சேவைகளைச் சோதித்தனர். முகம் ஆணுடையதா பெண்ணுடையதா என்று மட்டும் கூறுமாறு விட்டபோது, வெண்ணிற ஆடவரிடத்துப் பிழை 0.8 சதவீதத்தைத் தாண்டவில்லை. கருநிறப் பெண்டிரிடத்து அது 34.7 சதவீதம் வரை சென்றது. ஆண் பெண் வேறுபாட்டிலேயே இவ்வளவு தடுமாறிய பொறி, எம்போன்றோர் முகத்திலே நுண்ணிய துயரைக் காணும் என்று எளிதில் நம்புதற்கில்லை. தோலின் கசிவை அளக்கும் கருவியோ சித்திரை வெயிலிற் கண்ணாடியைத் திறந்துவிட்டு ஓட்டுபவரைப் பெருங்கலக்கத்தில் ஆழ்ந்தவரென்று முடிவுசெய்யலாம்.

இனி, அறிந்த செய்தி யாரிடம் போய்ச் சேர்கின்றது என்பது மற்றொரு வினா. எம் கருத்தின்படி இதுவே யாவற்றினும் பெரியது. முகமறியும் மென்பொருளை வண்டிகளுக்கு ஆக்கியவற்றுள் ஒன்றான அபெக்டிவா நிறுவனம், பிக்கார்ட் அம்மையாராலும் றானா எல் கலியூபி அம்மையாராலும் 2009 இல் நிறுவப்பட்டது. 2021 இற் சுவீடன் நாட்டு நிறுவனமொன்று அதனை வாங்கியது. வண்டிகளை நாடுமுன் அது பெரிதும் செய்துவந்த தொழில், விளம்பரப் படங்களைப் பார்ப்போரின் முகங்களை ஆராய்ந்து விளம்பரகாரருக்குக் கூறுவதாகும். குற்றமாக இதனைச் சொல்லவில்லை. ஒரே கருவி இரு எசமானருக்குத் தொண்டுசெய்ய வல்லது என்பதற்காகவே சொல்லுகின்றோம். 2024 மார்ச்சு மாதத்தில் நியூ யோர்க் ரைம்ஸ் பத்திரிகை ஒரு செய்தியை வெளியிட்டது. ஜெனரல் மோட்டோர்ஸ் வண்டிகளிற் பதிவான கடுவேகம், திடீர்த் தடுப்பு முதலிய விவரங்கள் தரகர் வாயிலாகக் காப்புறுதி நிறுவனங்களை அடைந்தன என்றும், சாரதிகளுட் சிலர் தம் காப்புறுதிக் கட்டணம் உயர்ந்த பின்னரே அதனை அறிந்தனர் என்றும் அது கூறிற்று. அம்மாதத்திலேயே அந்நிறுவனம் அவ்வாறு கொடுப்பதை நிறுத்தியது. அங்கே போனவை காலும் கையும் செய்த செயல்களின் கணக்கு. தந்தையை இழந்து ஒரு மாதம் அழுத முகத்தோடு வண்டியோட்டியவரின் கணக்கும் அவ்வாறே செல்லுமாயின், துக்கத்துக்கும் கட்டணம் விதிக்கப்படும்.

ஐரோப்பிய ஒன்றியம் இவ்விடயத்தில் இரண்டு சட்டங்களை இயற்றியுள்ளது. இரண்டையும் சேர்த்துப் படித்தல் நன்று. 2019 இல் இயற்றப்பட்ட வாகனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 2024 யூலை முதல் அங்கே விற்பனையாகும் புதிய மோட்டார் வண்டி ஒவ்வொன்றிலும் உறக்கத்தை எச்சரிக்கும் கருவி இருத்தல் வேண்டும். அக்கருவி திரட்டும் விவரங்கள் வண்டிக்குள்ளேயே நின்று, பயன்பட்டவுடன் அழிக்கப்படல் வேண்டும், வேறெவருக்கும் கொடுக்கப்படலாகாது. 2024 இல் இயற்றப்பட்ட செயற்கை நுண்ணறிவுச் சட்டம், தொழில் செய்யும் இடங்களிலும் பாடசாலைகளிலும் ஒருவரின் மனவெழுச்சியைப் பொறிகொண்டு ஊகித்தலை, மருத்துவமும் பாதுகாப்பும் நீங்கலாக, 2025 பெப்ரவரி முதல் தடைசெய்கின்றது. களைப்பு மனவெழுச்சி அன்று என்று அச்சட்டத்தின் முன்னுரையே பிரித்துக் காட்டுகின்றது. ஆகவே லொறி முதலாளி தன் சாரதி உறங்குகின்றாரா என்று கருவிகொண்டு பார்க்கலாம். தன்மீது வெறுப்புக் கொண்டிருக்கின்றாரா என்று பார்த்தல் ஆகாது. வகுப்பிலே மாணவர் முகத்தை நோக்கிச் சலிப்பை அளக்கும் கமராவும் இதே சட்டத்தில் அகப்படும். பின்வாங்கிலிலிருந்து கொட்டாவி விடுவோரைக் கண்டறிய எம் ஆசிரியர்களுக்குக் கமரா எந்நாளும் வேண்டியிருந்ததில்லை.

இலங்கையில் 2020 இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் தொடங்கிற்று. யப்பானிற் பாவித்துக் கழிக்கப்பட்டு இங்கு வரும் வண்டிகளுட் பல, எந்திரத்தை முடுக்கியவுடன் யப்பானிய மொழியில் ஏதோ கூறுவதைப் பலரும் கேட்டிருப்பர். அதனை வணக்கம் என்று எண்ணி மகிழ்வோரும் உளர். பெரும்பாலும் அது, அந்நாட்டு நெடுஞ்சாலைக் கட்டணத்துக்குரிய அட்டை செருகப்படவில்லை என்னும் அறிவித்தலே! அவ்வண்டியை வாங்க விரும்புவோர் சுக்கான் வளையத்தின் பின்னாலோ கருவிப் பலகையின் மேலோ சாரதியை நோக்கிய சிறு கருங்கண்ணாடித் துண்டு உண்டா என்று பார்த்துக்கொள்க. இருப்பின் அது பெரும்பாலும் இமையை நோக்கும் கமராவாகும். அதனை மூடிவிடாதிருத்தலே நலம். வண்டி தானாகத் தொலைத்தொடர்பு கொள்ளும் வகையினதாயின், எவ்விவரம் எங்கே அனுப்பப்படுகின்றது என்பதை விற்பவரிடம் எழுத்திற் கேட்டுப் பெறுக. நாஸ் கண்ட முடிவு ஆங்கிலம் பேசும் குரலைக் கொண்டு அமெரிக்காவிற் கண்டது. தமிழ்க் குரலொன்று தணிந்தும் உயர்ந்தும் பேசினால் எம்மவர் எவ்வாறு வண்டியோட்டுவர் என்பதை, கிளிநொச்சிப் பொறியியற் பீடத்திலோ பேராதனையிலோ மொறட்டுவையிலோ பயிலும் எம் பழைய மாணவர் எவரேனும் அளந்து பார்க்கலாம். அதற்கு ஒரு போலி வண்டியும் நாற்பது பேரும் போதும்.